சத்தம் சாவியான கதை

முன்பெல்லாம் புது ப்ளூடூத் ஹெட்செட்டை செல்போனோடு இணைக்கப் போனால், போன் நான்கு இலக்க எண் ஒன்றைக் கேட்கும். ஹெட்செட்டோடு வந்த காகிதத்தில் 0000 என்று அச்சிட்டிருக்கும். சிலவற்றில் 1234. ஊருக்கே தெரிந்த எண் அது. ஆனாலும் தயாரிப்பாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஹெட்செட்டில் திரை கிடையாது, எண் அடிக்கப் பொத்தான்களும் கிடையாது. 2007-ல் வந்த ப்ளூடூத் 2.1 இந்த இணைப்பு முறையை வெகுவாகச் செம்மைப்படுத்தியது. இரண்டு கருவிகளிலும் திரை இருந்தால் ஆறு இலக்க எண் ஒன்றைக் காட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று ஆளைப் பார்க்கச் சொல்லும். திரை இல்லாத கருவிகளுக்கோ எதையும் கேட்காமலே இணைந்துவிடும் வழிதான் கிடைத்தது. நடுவில் ஒருவன் புகுந்தால் அந்த வழியில் தடுப்பு எதுவும் இல்லை.

இது ஹெட்செட்டின் குறை அல்ல. கம்பியில்லாத் தொடர்பின் பிறவிக் குணம். கம்பி என்றால் இரண்டு முனைகளையும் கண்ணால் பார்த்து, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ரேடியோ அலைக்கு முனை ஏது? அது சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போகும், வாசலில் நிற்கும் காருக்கும் போகும். தனக்கு வந்த பதில் மேசைமேல் இருக்கும் ஹெட்செட்டிலிருந்து வந்ததா, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் கருவியிலிருந்து வந்ததா என்று போனுக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்க, அறைக்குள் நிறைந்திருக்கும் சத்தத்தையே பயன்படுத்தலாம் என்ற யோசனை பிறந்து வளர்ந்த கதை இது. பாட்டைக் கண்டுபிடிக்கச் செய்த கருவி பூட்டைத் திறக்கும் கருவியாக மாறிய கதையும் இதற்குள் இருக்கிறது.

அந்நியர்கள் பேசிக்கொள்வது எப்படி?

1976-ல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் வெளியிட்ட கட்டுரை ரகசியக் குறியீட்டு இயலையே புரட்டிப் போட்டது. முன்பின் தெரியாத இருவர், ஊரே ஒட்டுக்கேட்கும் இடத்தில் பேசிக்கொண்டே, தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். இன்றைய இணையப் பாதுகாப்பின் அடித்தளங்களில் ஒன்று அது. ஆனால் எதிர்முனையில் இருப்பது யார் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. நடுவில் ஒருவன் நின்று இந்தப் பக்கம் ஒரு சாவியும் அந்தப் பக்கம் வேறொரு சாவியும் போட்டுக்கொண்டால், இரண்டு பேருக்கும் தாங்கள் ஏமாந்தது தெரியாது.

1999-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்டஜானோவும் ராஸ் ஆண்டர்சனும் ஒரு வழி சொன்னார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் வாத்துக்குஞ்சு முதலில் கண்ணில் படுவதையே தாயாக எடுத்துக்கொள்ளும். புதுக் கருவியும் அப்படி, தன்னை முதலில் தொட்டுச் சாவி கொடுப்பதை எஜமானாக ஏற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். சாவி காற்றில் போகாமல் நேரடித் தொடுகையில் கைமாறும். இடம் சார்ந்த நம்பிக்கை என்ற எண்ணம் இங்கே தெளிவான உருவம் பெற்றது.

2002-ல் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிர்க் பால்ஃபான்ஸும் உடன் பணியாற்றியவர்களும் அதை மேலும் விரித்தார்கள். "இதோ என் எதிரில் இருக்கிற இந்த பிரிண்டர்" என்று மனிதன் சுட்டிக்காட்டுவதைக் கருவியும் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதற்கு ரேடியோவைத் தவிர, நெடுந்தூரம் போகாத இன்னொரு வழி வேண்டும். டிவி ரிமோட்டில் இருப்பது போன்ற அகச்சிவப்புக் கதிரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒலியும் அந்த வேலைக்கு ஆகும் என்று குறிப்பிட்டார்கள்.

காதால் சரிபார்த்த நாட்கள்

ஒலியிடம் மூன்று நல்ல குணங்கள் உண்டு. கதவைச் சாத்தினால் பெருமளவு உள்ளேயே அடங்கிவிடும். அனுப்பவும் வாங்கவும் வேண்டிய ஸ்பீக்கரும் மைக்கும் மலிவான போனிலும் இருக்கின்றன. மூன்றாவதுதான் முக்கியம்: என்ன நடக்கிறது என்பது மனிதனுக்கும் கேட்கும். ரேடியோவில் போலி நுழைந்தால் நமக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு கருவி கத்தினால் தலை தானாகத் திரும்பும்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜீன் சூடிக்கைச் சுற்றி இருந்த ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 2006-ல் அவர்கள் செய்த ஏற்பாட்டில், சாவியிலிருந்து பிறக்கும் ஒரு வாக்கியத்தைக் கருவி உரக்கச் சொல்லும். இலக்கண சுத்தமாக இருந்தாலும் பொருள் விநோதமாக இருக்கும். அதனால் மனதில் நிற்கும். அடுத்த கருவியும் அதே வாக்கியத்தைச் சொன்னாலோ திரையில் காட்டினாலோ இரண்டு சாவியும் ஒன்று. 2008-ல் அதே இடத்திலிருந்து வந்த அடுத்த திட்டத்தில் ரேடியோவுக்கே வேலை இல்லை. சாவியே ஒலியாகப் போகும். பிறகு இரண்டு கருவிகளும் ஆளுக்கொரு மெட்டு வாசிக்கும். மெட்டு ஒன்றாக இருக்கிறதா என்று பயனர் கேட்டுச் சொல்ல வேண்டும். அதைச் செய்த மூவரில் கிளாடியோ சோரியன்டே ஒருவர். அவர் பெயர் இந்தக் கதையில் மறுபடி வரும்.

இந்த முறைகள் எல்லாவற்றிலும் நீதிபதி மனிதக் காதுதான். அவசரத்தில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்காமலே சரி என்று அழுத்திவிடுவார். அந்த வேலையையும் கருவியிடமே விட வேண்டுமென்றால், இரண்டு கருவிகள் கேட்டது ஒரே சத்தத்தையா என்று தீர்மானிக்க ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது. செய்தவர்கள் பாதுகாப்புத் துறைக்காரர்கள் இல்லை, பாட்டை அடையாளம் காண முயன்றவர்கள்.

ஐந்தோவனில் பிறந்த ரேகை

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்தில் உள்ள பிலிப்ஸ் ஆய்வகத்தில் யாப் ஹைட்ஸ்மாவும் டோன் கால்கரும் வேறொரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் ஒரு பாட்டு ஓடுகிறது. அது எந்தப் பாட்டு என்று கம்ப்யூட்டர் எப்படிச் சொல்லும்? நேரடியாக ஒப்பிட்டால் பொருந்தாது. ஒலியளவு மாறியிருக்கும், ரேடியோவின் இரைச்சல் சேர்ந்திருக்கும், எம்பி3 ஆக்கியதில் பாதி விவரம் போயிருக்கும். அத்தனைக்குப் பிறகும் மாறாமல் நிற்பது எதுவோ அதுதான் பாட்டின் ரேகை. 2002-ல் பாரிஸில் நடந்த இசைத் தகவல் மாநாட்டில் அவர்கள் வழியைச் சொன்னார்கள்.

சற்று நெருங்கிப் பார்ப்போம். 300 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 33 பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு ஆற்றல் என்று அளக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு பட்டைகளை எடுத்து, கீழ்ப்பட்டைக்கும் மேல்பட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுகிறார்கள். முந்தைய கணத்தில் இருந்ததைவிட அந்த வித்தியாசம் கூடியிருந்தால் 1, இல்லையென்றால் 0. அவ்வளவுதான். 33 பட்டைகளுக்கு இடையே 32 எல்லைகள். ஆகவே ஒவ்வொரு முறையும் 32 பிட். இதை 11.6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை செய்கிறார்கள். சுமார் மூன்று செகண்டில் 256 வரிசைகள் சேரும்.

எவ்வளவு சத்தம் என்பதை இந்தக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை. ஏறியதா இறங்கியதா என்பதை மட்டும் பார்க்கிறது. ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாலும் அறையின் மூலையில் இருந்தாலும் ஏற்ற இறக்கம் அதேதான். இரண்டு ரேகைகளில் 35 சதவீதம் பிட்கள் வேறுபட்டால்கூட ஒரே பாட்டுதான் என்று துணிந்து சொல்லலாம் என அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு பாட்டுகள் என்றால் ஏறக்குறைய பாதி பிட்கள் வேறுபடும்.

ரேகை சாவியாகிறது

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டொமினிக் ஷூர்மனும் அப்போது டோக்கியோவின் தேசிய தகவலியல் நிறுவனத்தில் இருந்த ஸ்டெஃபன் சிக்கும் இந்த ரேகையைப் பாட்டிலிருந்து விடுவித்தார்கள். பாட்டு எதற்கு? ஓர் அறையில் எப்போதும் ஏதாவது சத்தம் இருக்கும். பேச்சு, நாற்காலி நகர்வது, பாத்திரம், கதவு. அந்தக் கணத்தில் அந்த இடத்தில் எழுந்த அந்தக் கலவை வேறெங்கும் இருக்காது; மறுபடியும் வராது. ஒரே அறையில் உள்ள இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் அதைப் பதிவு செய்தால், இரண்டிடமும் கிட்டத்தட்ட ஒரே ரேகை இருக்கும். அதிலிருந்தே சாவி செய்யலாம். 2013-ல் வெளியான அவர்கள் கட்டுரையில், சுமார் ஆறரை செகண்ட் சத்தத்திலிருந்து 512 பிட் ரேகை எடுத்தார்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. சாவி என்றால் 512 பிட்டும் அச்சாகப் பொருந்த வேண்டும். ஒரு பிட் மாறினாலும் பூட்டு திறக்காது. 'கிட்டத்தட்ட' என்பதற்கு ரகசியக் குறியீட்டில் இடமில்லை. இந்த முட்டுக்கட்டையை நீக்கும் கருவியை 1999-லேயே ஆரி ஜூல்ஸும் மார்ட்டின் வாட்டன்பர்க்கும் கைரேகை போன்றவற்றை மனதில் வைத்துச் செய்திருந்தார்கள்.

அது இப்படி வேலை செய்கிறது. முதல் போன் தன் மனதுக்குள் ஒரு ரகசிய எண்ணை நினைத்துக்கொள்கிறது. அதைப் பிழைதிருத்தக் குறியீடாக நீட்டி எழுதுகிறது. அதன்மேல் தன் ஒலிரேகையைக் கலந்து, கலவையை மட்டும் காற்றில் அனுப்புகிறது. ஒட்டுக்கேட்பவனுக்கு அது வெறும் குப்பை. இரண்டாவது போன் அந்தக் கலவையிலிருந்து தன் ரேகையைக் கழிக்கிறது. இரண்டு ரேகைகளும் ஒத்துப்போன இடங்களில் குறியீடு சுத்தமாக வெளிவரும். வேறுபட்ட இடங்களில் மட்டும் பிழை இருக்கும். பிழைகள் எல்லைக்குள் இருந்தால் பிழைதிருத்தம் அவற்றைச் சரிசெய்து ரகசிய எண்ணை மீட்டுவிடும். பக்கத்து அறையில் இருப்பவனின் ரேகையைக் கழித்தால் பிழைகள் எல்லை மீறும், எதுவும் கிடைக்காது. பதிவு செய்த சத்தமும் காற்றில் போகவில்லை, ரேகையும் போகவில்லை, சாவியும் போகவில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே சாவி.

அவர்கள் பயன்படுத்திய பிழைதிருத்தம் ரீட்–சாலமன் குறியீடு. இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் 1960-ல் அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகத்தில் உருவாக்கியது. கீறல் விழுந்த சிடியும் பிசிறில்லாமல் பாடியது இதன் தயவால்தான். அந்த சிடியை 1982-ல் சந்தைக்குக் கொண்டுவந்ததில் பங்கு கொண்டது அதே பிலிப்ஸ். டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு ஓரம் கிழிந்தும் பணம் வாங்குகிறதே, அதற்குள் இருப்பதும் இதுவே.

காகிதத்தில் அழகாக இருப்பது அறையில் சண்டித்தனம் செய்யும். இரண்டு போன்களின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று முன்னே பின்னே தொடங்கினால் ஏற்ற இறக்கம் பொருந்தாது. ஒலி ஒரு மீட்டர் கடக்கவே சுமார் மூன்று மில்லிசெகண்ட் ஆகிறது. சத்தமும் எதிர்பாராததாக இருக்க வேண்டும். ஒரே சீராகச் சுற்றும் ஃபேனின் இரைச்சலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. அதிலிருந்து நல்ல சாவி பிறக்காது.

சூரிச்: பாக்கெட்டில் இருந்தபடியே

இதே எண்ணத்தைச் சாதாரண மனிதரின் அன்றாடத்துக்குக் கொண்டுவந்தது சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகம். நிகோலாவோஸ் கரபனோஸ், கிளாடியோ மர்ஃபோரியோ, முன்பு சொன்ன கிளாடியோ சோரியன்டே, ஸ்ர்ஜான் சாப்குன் ஆகிய நால்வரும் 2015-ல் சவுண்ட்–ப்ரூஃப் என்ற முறையை வெளியிட்டார்கள். பாஸ்வேர்டு அடித்த பிறகு ஓடிபி வரக் காத்திருந்து, பார்த்து, தட்டச்சு செய்யும் தொல்லைக்கு மாற்று அது. லேப்டாப்பில் பாஸ்வேர்டு அடித்ததும் பிரவுசரும் போனும் ஒரே சமயத்தில் மூன்று செகண்ட் பதிவு செய்யும். இரண்டும் ஒத்திருந்தால் போன் லேப்டாப்பின் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள், உள்ளே விடலாம். போன் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கலாம், எடுக்கவே வேண்டாம்.

அவர்கள் எடுத்த ஒரு முடிவு பாராட்டுக்குரியது. லேப்டாப் பதிவு செய்த ஒலி, போன் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டோடு போனுக்குப் போகும். ஒப்பீடு நடப்பது போனுக்குள்ளேயே. சர்வருக்குப் போவது ஆம், இல்லை என்ற விடை மட்டும். வீட்டுப் பேச்சு நிறுவனத்தின் கைக்குப் போகாது. அறை மிக அமைதியாக இருந்தால் இந்த முறை யாரையும் உள்ளே விடாது. இரண்டு அமைதிகளை ஒப்பிட்டு எதையும் சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொண்டையைச் செருமுங்கள், மேசையைத் தட்டுங்கள் என்று பயனரிடம் கேட்கலாம் என்றார்கள். இதிலிருந்து ஃபியூச்சரே என்ற நிறுவனமும் பிறந்தது.

ஒலியை ஒப்பிடாமல், ஒலியிலேயே செய்தி அனுப்பும் கிளையும் கூடவே வளர்ந்தது. கூகுள் 2014-ல் ஒலிவழி லாகின் செய்த ஸ்லிக்லாகின் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை வாங்கியது. இந்தியாவில் 2017 செப்டம்பரில் வந்த டெஸ் செயலியில் பக்கத்தில் இருப்பவருக்குப் பணம் அனுப்ப, போன்கள் காதுக்கு எட்டாத ஒலியில் ஒன்றையொன்று கண்டுகொண்டன. போன் நம்பர் சொல்லத் தேவையில்லை. மறு ஆண்டு அந்தச் செயலிதான் கூகுள் பே ஆனது.

முன்மொழிந்தவரே உடைத்தார்

2012-ல் ஆய்வாளர் நிதேஷ் சக்சேனாவும் உடனிருந்தவர்களும், தொட்டுப் பணம் செலுத்தும் கருவிகளை தூரத்திலிருந்து ஏமாற்றுவதைத் தடுக்கச் சுற்றுச்சத்தத்தை ஒப்பிடலாம் என்று எழுதினார்கள். அதே சக்சேனாவின் குழு, அலபாமாவின் பர்மிங்ஹாமிலிருந்து, 2016-ல் சவுண்ட்–ப்ரூஃப் போன்ற முறைகளின் அடிமடியில் கைவைத்தது.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது. அறையில் என்ன சத்தம் என்று திருடன் ஊகிக்க வேண்டாம். அவனே சத்தத்தை உண்டாக்கினால்? பாஸ்வேர்டு ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. தன் கம்ப்யூட்டரில் லாகின் செய்யும் அதே கணத்தில் உரியவரின் போனுக்கு ஒரு கால் போடுகிறான், அல்லது ஒரு மெசேஜ் அனுப்புகிறான். அங்கே ரிங்டோன் ஒலிக்கிறது. அதே ரிங்டோனை இங்கே தன் மைக் பக்கத்தில் ஒலிக்கவிடுகிறான். இரண்டு பதிவுகளும் ஒத்துப்போகின்றன; கதவு திறக்கிறது. ஒலி இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தது உண்மை. இடம் ஒன்றாக இல்லை.

யோசனையைத் தூக்கிப் போடாமல் திருத்தினார்கள். 2018-ல் சக்சேனாவின் குழுவே மாற்று சொன்னது. பிரவுசர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீட்டை மனிதக் குரலில் சொல்லும். கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் அதைக் கேட்டிருக்க வேண்டும். எந்தச் சொல் வரும் என்று திருடனுக்கு முன்கூட்டித் தெரியாது. வாட்ச்சின் மைக்குக்குத் தொலைவில் நடக்கும் பேச்சும் சரியாக எட்டாது.

2019-ல் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், ஒலி முதலிய சூழல் அளவீடுகளை நம்பும் ஐந்து முறைகளை எடுத்து, ஓடும் காரிலும் அலுவலகத்திலும் வைத்துச் சோதித்தார்கள். பிழை விகிதம் 0.6 சதவீதத்திலிருந்து 52.8 சதவீதம் வரை போனது. ஆய்வகத்தில் ஜெயித்தது எல்லா இடத்திலும் ஜெயிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சாட்சி சொல்லட்டும், காவல் காக்க வேண்டாம்

இத்தனை ஆண்டுக் கதையிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இதுதான். சத்தம் நல்ல சாட்சி. இந்த இரண்டு கருவிகளும் இந்தக் கணத்தில் ஒரே இடத்தில் இருந்தன என்று சொல்ல அதைப் போல எளிய சாட்சி வேறில்லை. ஆனால் சத்தம் ரகசியம் அல்ல. அறையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கிறது. ஒரே கிரிக்கெட் ஆட்டம் இரண்டு வீட்டு டிவியிலும் ஓடலாம். ஆகவே பாஸ்வேர்டுக்கும் சாவிப் பரிமாற்றத்துக்கும் துணையாக அதை வைக்கலாம். பூட்டை முழுவதும் அதன் கையில் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த இரண்டு ஸ்பீக்கரும் எந்த இரண்டு மைக்கும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. தயாரிப்பில் வரும் நுண்ணிய பேதங்களை வைத்தே ஒரு போனை மற்றொன்றிலிருந்து பிரித்தறியலாம் என்று இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். உங்கள் போன்தானா என்று உறுதிசெய்ய உதவும் அதே வித்தை, நீங்கள் அறியாமல் உங்களைப் பின்தொடரவும் உதவும். 2016 மார்ச்சில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன், டிவியின் ஒலியைப் போன் மைக் வழியே கேட்டு எந்த நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று அறியக்கூடிய நிரல் தங்கள் ஆப்பில் இருந்த 12 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

ஆகவே பாதுகாப்புக்கு என்று சொல்லி ஓர் ஆப் மைக் அனுமதி கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எப்போது கேட்கிறது? எவ்வளவு நேரம் கேட்கிறது? கேட்டது போனை விட்டு வெளியே போகிறதா? சூரிச் ஆய்வாளர்கள் மூன்றுக்கும் கட்டுரையிலேயே பதில் எழுதி வைத்தார்கள். அப்படிப் பதில் சொல்லாத ஆப்புக்கு மைக்கைக் கொடுக்காதீர்கள்.